வீட்டுச் சீட்டாட்டத்தில் கமிஷன்

ஆசிரியருக்கு,

வீட்டில் காசு வைத்துச் சீட்டாடுவது பற்றிய கட்டுரை படித்தேன். சின்னத் தொகை என்றால் பயப்பட வேண்டாம் என்ற தொனியில் அது முடிந்திருந்தது. அதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தொகைக்கு வரம்பு வைத்த சட்டங்களும் உண்டு. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு சுற்றில் ஒருவர் 10 டாலருக்கு மேல் ஜெயிக்கக் கூடாது. ஆனால் சட்டங்கள் பலவும் முதலில் தேடுவது, ஆட்டத்தை நடத்துகிறவர் அதிலிருந்து பணம் எடுக்கிறாரா என்பதைத்தான்.

இந்தியாவின் 1867ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்டச் சட்டம், வீட்டையோ சீட்டுக்கட்டையோ கொடுத்து ஆதாயம் பார்க்கும் இடத்தைத்தான் சூதாட்ட விடுதி என்கிறது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று 1968இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம்கூட, இடத்துக்குச் சொந்தக்காரர் ஆட்டத்தில் லாபம் பார்த்தால் குற்றமாகலாம் என்று சேர்த்தே சொன்னது. பிரிட்டனின் 2005 சட்டப்படி வீட்டு ஆட்டத்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஜெயித்த பணத்திலிருந்து கொஞ்சம் எடுத்து வைத்தாலும் அதுவும் கட்டணம்தான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கண்ணால் பார்த்திருக்கிறேன். நண்பர் ஒருவர் வீட்டில் மாதம் ஒருமுறை கூடி ஆடுவோம். "சீட்டுக்கட்டு வாங்க வேண்டாமா?" என்று சொல்லி, ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர் கொஞ்சம் எடுத்து வைக்க ஆரம்பித்தார். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. அப்புறம் பந்தயத் தொகையை ஏற்றச் சொன்னவரும் அவர்தான், முன்பின் தெரியாத ஆட்களை அழைத்து வந்தவரும் அவர்தான். தோற்று எழுந்தவரை "இன்னும் ஒரே ஓர் ஆட்டம்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தார். யார் ஜெயித்தாலும் அவருக்குப் பங்கு உண்டே! எங்களில் ஒருவர் கடன் வாங்கி ஆடும் நிலைக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கெட்ட மனிதர் அல்ல அவர். அந்தக் கமிஷன் அவரை அப்படி ஆக்கிவிட்டது.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று, செல்போன். சிங்கப்பூரில் 2022 முதல் குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டில் கூடி ஆடுவதற்கு விலக்கு உண்டு. அதே ஆட்டத்தை ஆன்லைனில் ஆடினால் விலக்கு இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உண்மையில் தெரிந்தவர்தானா என்று உறுதிசெய்வது கடினம் என்பதே காரணம். சரியான காரணம் என்றே நினைக்கிறேன்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். அதனால் வாசகர்கள் தங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, கமிஷன் விஷயத்தையும் சேர்த்து ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். சீட்டுக்கட்டுச் செலவுக்கும் வழி இருக்கிறது. இப்போது நாங்கள் முறை வைத்து ஆளுக்கொரு கட்டு வாங்கி வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்