‘மெமெண்டோ’வை நேராக்கிக் காட்டியவர்களுக்கு

கிருஷ்ணகிரியில் மாதந்தோறும் திரையிடல் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்டோபர் நோலனின் ‘மெமெண்டோ’வைக் காட்டினீர்கள். நாற்காலி, ஒலி, தேநீர் எதிலும் குறையில்லை. ஆனால், கதையைப் பின்னிருந்து முன்னாகச் சொல்லும் அந்தப் படத்தின் காட்சிகளைக் காலவரிசையில் அடுக்கிய பதிப்பைப் போட்டுவிட்டு, “தலைகீழாகப் போட்டால் நம் ஊர்க்காரர்களுக்குப் புரியாது” என்று ஒலிபெருக்கியிலும் சொன்னீர்களே, அதற்காகத்தான் இந்த மடல்.

அப்படியொரு பதிப்பு டிவிடியில் ஒளித்துவைக்கப்பட்டிருந்தது உண்மைதான். அது ஏற்கெனவே படம் பார்த்தவர்களுக்கான விளையாட்டு. முதன்முறை பார்க்க வந்தவர்களுக்கு அதைப் போடலாமா?

படத்தின் நாயகன் லியோனார்டின் மனதில் புதிய நினைவு எதுவும் தங்காது. வண்ணக் காட்சிகள் பின்னிருந்து முன்னாக வருவதால், சற்றுமுன் என்ன நடந்தது என்பது அவனைப் போலவே நமக்கும் தெரியாது. ஒரு காட்சி தொடங்கும்போதே அவன் ஓடிக்கொண்டிருக்கிறான். தள்ளி இன்னொருவனும் ஓடுகிறான். இவனைத்தான் துரத்துகிறோம் போலும் என்று அவனை நோக்கிப் பாய்கிறான். அந்த ஆள் சுடுகிறான். துரத்தப்படுவது தானே என்பது அப்போதுதான் உறைக்கிறது. அரங்கே சிரித்திருக்க வேண்டிய இடம் அது. யார் யாரைத் துரத்துகிறார் என்பதை நீங்கள் முன்கூட்டியே காட்டிவிட்டதால், அன்று ஒருவரும் சிரிக்கவில்லை.

நாடலி என்ற பெண் அடிபட்ட முகத்தோடு வந்து நிற்கும் காட்சியும் அப்படித்தான் வீணானது. அசலில் முதலில் அவள்மேல் இரக்கம் வரும். அவளே லியோனார்டைச் சீண்டி அடிக்கவைத்து, வெளியே காரில் உட்கார்ந்து, அவன் மறக்கட்டும் என்று காத்திருந்தது பிறகுதான் தெரியும். இவளுக்காகவா இரங்கினோம் என்று நமக்கே கூசும். உங்கள் வரிசையில் அவள் வெறும் கெட்டவள், அவ்வளவுதான்.

கறுப்பு வெள்ளைக் காட்சிகள் மட்டும் அசலிலேயே நேராக நகர்பவை. கடைசியில் ஒரு போலராய்டு புகைப்படம் தெளியும்போது திரையில் நிறம் ஏறும். இரண்டு ஓட்டங்களும் அங்கே வந்து சேரும். அன்று அந்த இடம் பாதிப் படத்துக்கு முன்பே கேட்பாரற்றுக் கடந்துபோனது.

நம் ஊர்க்காரர்களுக்குப் புரியாதாம்! திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம் கேட்டு, இரவெல்லாம் கூத்துப் பார்க்கிற மாவட்டம் இது. துரியோதனன் படுகளத்தில் விழுவான் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். எப்படி விழுந்தான் என்று பார்ப்பதற்கு நாம் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை.

அடுத்த மாதம் அசல் பதிப்பையே போடுங்கள். மொத்தம் 113 நிமிடம்தான், இடைவேளை வேண்டாம். முதல் காட்சியிலேயே கொலை நடந்துவிடுவதால் தொடங்கியதும் கதவைச் சாத்திவிடுங்கள். அறிமுக உரை எவ்வளவு நீளமானாலும் படம் முடிந்தபிறகு கேட்டுக்கொள்கிறோம். அன்று வந்தவர்களுக்கு முதல் பார்வை இனிக் கிடைக்காது. வீட்டில் இருப்பவர்களையாவது அனுப்பிவைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடைசி வரிசையில் இருந்த பார்வையாளர்