‘வளர மறந்தவர்கள்’ என்று எழுதிய கட்டுரை பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய காமிக்ஸ் சேகரிப்பவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. நன்றி சொல்லி நாலு வரி எழுதலாம் என்றுதான் பேப்பரை எடுத்து வைத்தேன். இரண்டாவது பத்தியைத் தாண்ட முடியவில்லை. ஈரோடு புத்தகத் திருவிழாவின்போது கூடிய வாசகர்களை, ‘நரைத்த தலையோடு பொம்மைப் புத்தகத்துக்கு வரிசையில் நிற்கும், வளர மறந்தவர்கள்’ என்று உங்கள் நிருபர் எழுதியிருக்கிறார். அந்த வரிசையில் நானும் நின்றேன்.

எனக்கு முன்னால் ஒரு லாரிப் பட்டறைக்காரர் நின்றார். அவருக்கு முன்னால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர். பட்டறைக்காரர் கையில் ஒரு நீள நோட்டு இருந்தது. தமிழில் வந்த ஒவ்வொரு காமிக்ஸ் இதழுக்கும் எண், மாதம், கதை முதலில் எந்த நாட்டில் எந்தப் பத்திரிகையில் வந்தது, படம் வரைந்தவர் யார் என்று வரிவரியாக எழுதி வைத்திருந்தார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வார இதழ்கள் பெரும்பாலும் ஓவியர் பெயரையே அச்சிடவில்லை. அப்படியொரு பிரிட்டிஷ் இதழில் வந்த கதையின் நாயகன் இரும்புக்கை மாயாவியை வரைந்த கை பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோவின் கை என்று நாங்கள் தெரிந்துகொண்டது, வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு எழுதி வைத்ததால்தான். தமிழ்ப் பதிப்புகளுக்கு அதே வேலையை அந்தப் பட்டறைக்காரர் ராத்திரி கண் விழித்துச் செய்கிறார். ஒரு பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து செய்திருந்தால் ஆய்வு என்று எழுதியிருப்பீர்கள். உங்கள் நிருபர் அந்த நோட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஏழாம் வகுப்பில் என் பையிலிருந்து ஒரு முத்து காமிக்ஸை எடுத்து, வகுப்பு முழுக்கப் பார்க்கக் கிழித்துப் போட்டார் ஒரு வாத்தியார். ‘நீ எப்போடா வளரப் போற?’ என்று அவரும் கேட்டார். பஞ்சாலைத் தொழிலாளியின் மகன் நான். வீட்டில் பஞ்சாங்கத்தைத் தவிர வேறு அச்சுக் காகிதம் கிடையாது. நான் சரளமாகத் தமிழ் படிக்கப் பழகியது சலூன் பெஞ்சிலும் வாடகை நூலகத்திலும் கிடைத்த படக்கதைகளில்தான். இத்தனை வருடம் கழித்து, நான் சந்தா கட்டி வாங்கும் பத்திரிகையிலேயே அதே பேச்சைக் கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ‘எண்பதுகளில் தொடங்கிய தமிழ் காமிக்ஸ் மோகம்’ என்று கட்டுரை சொல்கிறது. தங்களுக்குத் தெரியாததல்ல, இந்திரஜால் காமிக்ஸ் 1964லேயே தொடங்கிவிட்டது. அதற்குத் தமிழ்ப் பதிப்பும் இருந்தது. சிவகாசியில் சௌந்திரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கியது 1972 ஜனவரியில். முதல் இதழே இரும்புக்கை மாயாவிதான். 2022ல் அதன் பொன்விழாவை வாசகர்கள் கொண்டாடினார்கள். எண்பதுகளில் வந்தவை லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும், இரண்டுமே 1984. அவற்றுக்கு முன்னால் ஒரு தலைமுறை படித்து வளர்ந்ததை ஒரே வரியில் அழித்துவிட்டீர்கள்.

அப்புறம் அந்தப் படம். இடுப்பில் இரண்டு துப்பாக்கி, விரலில் மண்டையோட்டு மோதிரம், முகமூடி. கீழே ‘இரும்புக்கை மாயாவி’ என்று போட்டிருக்கிறீர்கள். அது 1936ல் லீ ஃபாக் உருவாக்கிய வேதாளர். ராணி காமிக்ஸ் அவரை மாயாவி என்ற பெயரில் வெளியிட்டது, அதனால் குழம்பியிருக்கலாம். இரும்புக்கை மாயாவி 1962ல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் பிறந்தவர். விபத்தில் கையை இழந்த ஆய்வுக்கூட உதவியாளர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரியும். எங்கள் தெருவில் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட இருவருக்கும் வித்தியாசம் தெரிந்திருந்தது. ஒரு கிரிக்கெட் வீரரின் படத்துக்குக் கீழே இன்னொருவர் பெயரைப் போட்டிருந்தால் மறுநாளே திருத்தம் வெளியிட்டிருக்க மாட்டீர்களா?

அந்தப் படம் என்னிடமிருக்கும் ஒரு ராணி காமிக்ஸ் பிரதியின் அட்டை. ஈரோட்டில் சந்தித்த நிருபர் பிறகு புகைப்படக்காரரோடு கோவையில் என் வீட்டுக்கு வந்தார். மதியம் முழுக்கப் பேசினோம். உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் அட்டையில்லாத பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு, அட்டைக்காக வருடக்கணக்கில் காத்திருந்ததைச் சொன்னேன். சென்னைக்கு வேலையாகப் போகும்போதெல்லாம் பழைய புத்தகக் கடைகள் நிறைந்த மூர் மார்க்கெட்டுக்குள் புகுந்துவிடுவதையும், 1985ல் அது எரிந்த செய்தி வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்காததையும் சொன்னேன். ஒரு வார்த்தைகூட அச்சில் வரவில்லை. புகைப்படக்காரரோ இதழ்களை மொட்டைமாடி வெயிலில் விரித்து வைக்கச் சொன்னார். நான் மறுத்ததும் முகத்தைச் சுளித்தார். நியூஸ்பிரிண்ட் தாளுக்குள் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டால் பழுப்பாகும். அமிலம் தாளை அப்பளமாக நொறுக்கும். இதழைக் கோத்திருக்கும் கம்பிப் பின் துருப்பிடித்தால் நடுப்பக்கம் கழன்று வரும். கிழிசலில் செல்லோ டேப் ஒட்டினால் சில வருடத்தில் அந்தப் பசையே எழுத்தை மறைத்துவிடும். இதெல்லாம் தெரிந்து ஒவ்வொரு இதழையும் தனித்தனிக் கவரில் போட்டு, மழைக்காலத்தில் பீரோவைத் திறந்து பூச்சி பார்த்து வாழ்கிறவனிடம் வந்து, கடைசியில் வளரவில்லை என்று எழுதினால் எப்படி?

2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் முதன்முதலாகக் காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் காமிக் கான் விழா நடந்தபோது உங்கள் பத்திரிகை எழுதியதையும் வைத்திருக்கிறேன். வேடம் போட்டு வந்த இளைஞர்களைப் ‘புதிய கலாசாரத்தின் முகங்கள்’ என்று பாராட்டினீர்கள். அதில் எனக்குச் சந்தோஷம்தான். நானும் போயிருந்தேன். பிள்ளைகள் தாங்களே அட்டை வெட்டி, வர்ணம் பூசி, அத்தனை பொறுப்பாக உடுத்திவந்திருந்தார்கள். என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அதே ஆசை வேட்டி கட்டிக்கொண்டு ஈரோட்டுக்கு வந்தால் மட்டும் ஏன் கேலிக்குரியதாகிவிடுகிறது? இன்று லட்சத்துக்கும் மேல் கூட்டம் சேரும் அமெரிக்காவின் சான் டியாகோ காமிக் கான், 1970ல் ஒரு ஓட்டலில் சுமார் 300 பேரோடு தொடங்கியது. அவர்களும் பழைய இதழ்களை மாற்றிக்கொள்ள வந்தவர்கள்தான். ஈரோட்டில் ஒவ்வொரு ஆகஸ்டிலும் ராத்திரி ரயில் பிடித்து வருகிறவர்களும் அதே ஜாதி.

கட்டுரையோடு ஒரு பெட்டிச் செய்தி வேறு. சூப்பர்மேன் அறிமுகமான 1938ஆம் ஆண்டின் ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழ், 2024ல் 60 லட்சம் டாலருக்கு விலைபோனதாம். உண்மைதான். ஆனால் ‘உங்கள் பரணில் புதையல் இருக்கிறதா?’ என்ற தலைப்பு எதற்கு? கட்டுரை வந்த மறுநாளிலிருந்து, அட்டையும் கடைசிப் பக்கமும் இல்லாத மறுபதிப்புகளை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் விலை சொல்லி எனக்குப் போன் வருகிறது. ஏற்கெனவே தரகர்கள் புகுந்து, மாதச் சம்பளக்காரன் ஒரு இதழ் வாங்க முடியாதபடி செய்துவிட்டார்கள். ஒரே இதழ் இரண்டு இருந்தால் அந்த டபுள்ஸை எங்களுக்குள் மாற்றிக்கொள்வதும், இல்லாதவருக்கு ஜெராக்ஸ் எடுத்து அனுப்புவதும்தான் வழக்கமாக இருந்தது. அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

என் நண்பர் ஒருவர் முப்பது வருடத்துக்கு மேல் சேர்த்தவை, அவர் காலமான மாதமே எடைக்குப் போடப்பட்டன. வீட்டாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாடகை வீடு, காலி செய்தாக வேண்டும். அதற்கு முன்பே அவர் ஒரு பெரிய நூலகத்துக்கு நேரில் போய் இலவசமாகத் தருகிறேன் என்று கேட்டிருந்தார். சிறுவர் படக்கதைகளை நாங்கள் வைப்பதில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தமிழில் சிறுவர்கள் எதைப் படித்தார்கள், எந்த விளம்பரத்தைப் பார்த்தார்கள், வாசகர் கடிதத்தில் என்ன கேட்டார்கள் என்று நாளைக்கு ஒருவர் தேடினால் எங்கே போவார்?

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற பெயர்ப்பலகை ஓவியர், கிடைத்த அச்சுத் தாளையெல்லாம் சேர்த்தார். நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், எதையும் விடவில்லை. அவரையும் ஊரில் என்னென்ன சொல்லியிருப்பார்களோ. 1992ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. சென்னையில் 1994ல் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. இன்று ஆய்வாளர்கள் அங்கே போய்க் காத்துக் கிடக்கிறார்கள். உங்கள் பத்திரிகையே அதைப் பற்றிப் பெருமையாக எழுதியது. சேகரிக்கிறவன் உயிரோடு இருக்கும்போது மட்டும் அவன் வளரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பத்திரிகைக்கு ஒரு காலத்தில் சிறுவர் இணைப்பு இருந்தது, வாராவாரம் ஒரு படக்கதையோடு. நிறுத்தியபோது வாசகர்களுக்கு ஒரு வரி அறிவிப்புகூடத் தரவில்லை. சில வருடங்களுக்கு முன் அதில் எனக்குத் தவறிப்போன இதழ்களைக் கேட்டு உங்கள் அலுவலகத்துக்கு எழுதினேன். பழைய இணைப்புகளைப் பாதுகாக்கவில்லை என்று பதில் வந்தது. என்னிடம் பெரும்பாலானவை இருக்கின்றன. வேண்டுமானால் வந்து நகல் எடுத்துக்கொள்ளலாம், காசு எதுவும் வேண்டாம்.

நான் கேட்பது இரண்டே விஷயம். தமிழ் காமிக்ஸ் எப்போது தொடங்கியது என்பதையும், அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்பதையும் திருத்தி, அதே ஞாயிறு இணைப்பில் வெளியிடுங்கள். எங்களைப் பற்றி எழுதியதை மாற்றச் சொல்லவில்லை. அது உங்கள் மனதுக்கு விடுகிறேன். அடுத்தது, அட்டையை ஸ்கேன் செய்யப் புகைப்படக்காரர் எடுத்துப்போன அந்த ராணி காமிக்ஸ் இன்னும் என் கைக்கு வரவில்லை. இரண்டு முறை போன் செய்தும் சரியான பதில் இல்லை. என் சந்தா முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். மடிக்க வேண்டாம், இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்தால் போதும். நடுப்பக்கத்துப் பின் ஏற்கெனவே லேசாக விட்டிருக்கிறது, அதன்மேல் டேப் எதுவும் ஒட்டிவிட வேண்டாம். தபால் செலவை நான் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் சந்தாதாரர்,
கோயம்புத்தூர்.