எந்த ‘செட்’டுக்கு?

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. மொட்டை மாடிக்குக் காங்கிரீட் போட்டாயிற்று என்று படித்ததும் சந்தோஷம். தண்ணீர் கட்டுவதில் மட்டும் சோம்பல் வேண்டாம் என்று பெரியவனிடம் சொல். மதினிக்கு முட்டி வலி தேவலையா? இங்கே எல்லாரும் சுகம். எனக்குத்தான் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. டாக்டர் மாத்திரையை மாற்றியிருக்கிறார். நான் இன்னும் காபியை மாற்றவில்லை.

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பேத்தி, ‘செட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இணைச்சொல், அதாவது ‘சினானிம்’, என்ன என்று கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாயே. உன்மேல் தப்பே இல்லை. எந்த செட்டுக்கு என்று அவளைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில், அதன் வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள் கொடுத்திருக்கிறார்கள். விளக்கம் சுமார் 60,000 சொற்கள். ஆங்கிலத்திலேயே அதிகப் பொருள் உள்ள சொல் என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. உன் அச்சகத்தில் கொடுத்திருந்தால் இருநூறு பக்கத்துக்குக் குறையாமல் தனிப் புத்தகமாகவே போட்டிருப்பாய்.

அத்தனை பொருளையும் யாரும் உட்கார்ந்து யோசித்து எழுதவில்லை. ஜேம்ஸ் மர்ரே 1879-இல் அந்த அகராதிப் பொறுப்பை ஏற்றவுடன் பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். படிக்கிற புத்தகத்தில் ஒரு சொல் வந்த வாக்கியத்தைச் சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்றார். சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. வீட்டுத் தோட்டத்தில் தகரக் கொட்டகை போட்டு, ஆயிரத்துக்கு மேல் சின்னச் சின்ன அறைகள் வைத்து, உன் கம்பாசிட்டர்கள் அச்செழுத்துப் பெட்டியில் எழுத்து பிரித்துப் போடுவதுபோல் அந்தச் சீட்டுகளைப் பிரித்துப் போட்டார்கள். மர்ரே 1915-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். முதல் பதிப்பு முழுசாக முடிந்தது 1928-இல்தான்.

‘செட்’டின் வேர் எளிமையானது. பழைய ஆங்கிலத்தில் ‘செட்டன்’ என்றால் உட்கார வைப்பது. நம் ‘இரு’, ‘இருத்து’ உறவேதான் ‘சிட்’டுக்கும் ‘செட்’டுக்கும். மோதிரத்தில் கல்லை இருத்தினால் பதிக்கிறோம். கடிகாரத்தில் முள்ளை இருத்தினால் மணி வைக்கிறோம். பொறி வைப்பது, தேதி குறிப்பது, வினாத்தாள் தயாரிப்பது, பாட்டுக்கு மெட்டமைப்பது, நீ நாற்பது வருஷம் பார்த்த அச்சுக் கோக்கும் வேலை, எல்லாவற்றுக்கும் ஆங்கிலேயனுக்கு ஒரே சொல். உட்கார வைக்காமல் தானே உட்காருவதற்கும் அதையே வைத்துக்கொண்டான். சூரியன் மறைவது, தயிர் உறைவது, எலும்பு கூடுவது, காங்கிரீட் இறுகுவது. இந்தக் கடைசியை உன் மகனே தினமும் ‘செட் ஆகணும்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பான். சாதாரண சிமெண்டுக்கு நம் நாட்டுத் தர விதி என்ன தெரியுமா? ஆரம்ப இறுகல் 30 நிமிடத்துக்குள் வரக் கூடாது, கடைசி இறுகல் 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், ஜோடி, கூட்டம் என்ற பொருளில் வருகிற ‘செட்’ இந்தக் குடும்பத்துப் பிள்ளையே இல்லை. அது லத்தீன் ‘செக்டா’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. சமயப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’ அதன் கூடப்பிறப்பு. உச்சரிப்பு ஒத்துப்போனதால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. நம் ஊர் பம்ப்செட், மைக்செட், செட் தோசை, ‘அவன் எங்க செட்டு’ எல்லாம் இந்தப் பங்காளி வழி. கணக்குப் புத்தகத்தில் நாம் ‘கணம்’ என்கிறோம், இலங்கைப் பிள்ளைகள் ‘தொடை’ என்று படிக்கிறார்கள், அதுவும் இதுதான். ஆனால், ‘அந்த வேலை எனக்கு செட் ஆகல’ என்கிறோமே, அது நம் சரக்கு. வெள்ளைக்காரனிடம் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னால் விழிப்பான்.

மொழிபெயர்ப்பில் என்னை உட்கார வைத்து வேலை வாங்கியவை பெரிய சொற்கள் அல்ல. ‘ஒளிச்சேர்க்கை’ மாதிரி ஒன்றை ஒருதடவை தெரிந்துகொண்டால் போதும். இந்த மூன்றெழுத்துப் பயல்தான் பக்கத்தில் யார் நிற்கிறார் என்று பார்த்துக் குணம் மாறுவான். ‘அசைடு’ சேர்த்துப் பார். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணத்தை ‘செட் அசைடு’ செய்தால் அது பத்திரமாக இருக்கிறது. கீழ்க்கோர்ட் தீர்ப்பை உயர் நீதிமன்றம் ‘செட் அசைடு’ செய்தால் அந்தத் தீர்ப்பே போயிற்று. இரண்டுக்கும் ‘ஒதுக்கி வைத்தல்’ என்று ஒரே தமிழைப் போட்டால், கேஸில் ஜெயித்தவன் தோற்றதாக நினைத்துக்கொள்வான். ‘ஆஃப்’ சேர்ந்தால் இன்னும் மோசம்: பயணம் கிளம்பலாம், வெடி வெடிக்கலாம், வருமான வரிக் கணக்கில் நட்டத்தை லாபத்தோடு கழித்துக்கொள்ளலாம்.

இதற்காக ஆங்கிலத்தை நாம் திட்ட முடியாது. நம்மிடம் ‘போடு’ இருக்கிறதே! சட்டை, டீ, கோலம், ஊசி, கையெழுத்து, வழக்கு, குட்டி, சண்டை, பூட்டு, இதெல்லாம் போடுகிறோம். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஆங்கிலேயன் தமிழ்த் தேர்வு எழுதினால் என்ன பாடு படுவான்! நிகண்டுகள் என்கிற நம் பழைய அகராதிகளில் திவாகரமும் சூடாமணியும் பதினோராம் தொகுதியை முழுக்க ‘ஒருசொல் பல்பொரு’ளுக்கே கொடுத்தது சும்மாவா? பொருள்வாரியாகச் சொற்களை அடுக்குகிற வேலையை பீட்டர் மார்க் ரோஜே என்ற டாக்டர் 1852-இல் செய்து ஆங்கிலத்தில் பெயர் வாங்கினார். அவர் ஆயிரம் தலைப்புகளில் அடுக்கினார். நம் நிகண்டுக்காரர்கள் பல நூற்றாண்டு முந்தி, தெய்வப் பெயரில் தொடங்கி மக்கள், விலங்கு, மரம் என்று அடுக்கி முடித்திருந்தார்கள், அதுவும் செய்யுளில்.

இப்போது ‘செட்’டின் பட்டம் பறிபோய்விட்டது என்பது தெரியுமா? அகராதியைத் திருத்தியபோது ‘ரன்’ முந்திவிட்டதாக 2011-இல் செய்தி வந்தது. 645 பொருள். அந்த ஒரு வினையைப் பிரித்து எழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாளருக்கு ஒன்பது மாதம் பிடித்ததாம். எஞ்சினும் கம்ப்யூட்டரும் வந்த பிறகு எல்லாம் ‘ஓட’ ஆரம்பித்துவிட்டதல்லவா, அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கையால் வைத்து, பதித்து, கோத்துச் செய்த வேலைகளின் காலத்தில் ‘செட்’ ராஜாவாக இருந்தது.

பேத்தியிடம் அந்த இணைச்சொல் பட்டியல் புத்தகத்தை மூடி வைக்கச் சொல். அதில் ‘செட்’டுக்கு எதிரே ஏழெட்டுச் சொல் போட்டிருப்பான், ஒன்றுக்கு இன்னொன்று ஆகாது. தினமும் ஆங்கிலப் பேப்பரில் ஒரு பக்கம் படித்து, இந்தச் சொல் வரும் வாக்கியத்தை முழுசாக நோட்டில் எழுதட்டும். பக்கத்தில் தமிழில் அதே விஷயத்தை எப்படிச் சொல்வாள் என்றும் எழுதட்டும். சந்தேகம் வந்தால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் எனக்குப் போன் பண்ணலாம், சும்மாதான் இருப்பேன்.

தை பிறந்ததும் அங்கே வரலாம் என்றிருக்கிறேன். உன் கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்களா? அதற்கேற்ப டிக்கெட் எடுக்கிறேன். மதினியிடம் சொதி கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வேலு