கூனி முதுகில் பட்ட உண்டை

சிவமயம்

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு ஆத்தா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கப் போன் போட்டால் எடுப்பதில்லை. சரி, எழுதினால் படிப்பாய் என்று எழுதுகிறேன்.

கம்பன் விழாவுக்கு இந்த வருஷமும் போனேன். சா. கணேசன் 1939-ல் ஆரம்பித்த விழா, நீ ஐயா மடியில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தது. கடைசி நாள் கம்பன் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டைக்கும் போய்க் கும்பிட்டு வந்தேன். ஒருவர் கூனியைப் பற்றிப் பேசினார். 'பண்டைநாள் இராகவன் பாணி வில்லுமிழ் உண்டை' என்று பத்து வயதில் மூச்சு விடாமல் சொல்லிப் பரிசு வாங்கியவன் நீ. அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. சின்னப் பிள்ளையில் இராமன் விளையாட்டாக அவள் முதுகில் அடித்த மண்ணுருண்டை. அதை அவள் அத்தனை வருஷம் மனசுக்குள் வைத்திருந்து, முடிசூட்டப் போகிற நேரம் பார்த்து எடுத்தாள். தசரதன் உயிரே போயிற்று.

போன வாரம் வக்கீல் குமாஸ்தா ஒருவர் வந்து, வீட்டின் வளவையும் இரண்டாம் கட்டையும் அளந்துவிட்டுப் போனார். யார் அனுப்பியது என்று நான் கேட்கவில்லை. பெரியாத்தா கண் ஆபரேஷன் ஆகி, பச்சைத் துணியோடு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மதுரையையே எரித்த கண்ணகிகூட முதியவர்களையும் குழந்தைகளையும் விட்டுவிடச் சொன்னாள், தம்பி. நேரத்துக்குச் சாப்பிடு. கோபத்தோடு படுக்காதே.

விழாவில் கூனியைப் பற்றிப் பேசியவர் இன்னொன்றும் சொன்னார். கிட்கிந்தையில் சுக்கிரீவனுக்குப் புத்தி சொல்லும்போது இராமனே ஒத்துக்கொள்கிறானாம். சிறியவர் என்று யாரையும் நோகடிக்காதே, நான் அப்படிச் செய்துதான் கூனியால் துயரக் கடலில் விழுந்தேன் என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

உனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் அந்தத் திண்ணைக் கதையைச் சொல்லித்தானே ஊட்டினேன். நாம் வாடகை வீட்டில் இருந்தபோது, அப்பச்சி பணம் கேட்டுப் போய்ப் பெரிய வீட்டுத் திண்ணையில் பொழுது சாயும் வரை காத்திருந்த கதை. முன்னோருக்குப் படைக்கிற படைப்பன்று எல்லார் முன்னாலும், 'ஒரு வாய் மோர்கூடக் கொடுக்காத வீடு' என்றாயே.

கொடுத்தார்கள், தம்பி. பெரியாத்தாதான் கொண்டுவந்தார், கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, வெள்ளிக் கும்பாவில். அப்பச்சி அன்று ராத்திரியே என்னிடம் சொன்னார். எனக்கு இருந்த ஆத்திரத்தில் மோரை விட்டுவிட்டு உன்னிடம் சொன்னேன். முதல் தடவை விட்டதுதான், அப்புறம் எப்போதும் அப்படியே ஆகிவிட்டது. காக்க வைத்தது உண்மை, வெறுங்கையோடு அனுப்பியதும் உண்மை. மோர் மட்டும் நான் சொன்ன பொய்.

படைப்பன்று பெரியாத்தா உனக்குப் பதில் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தார். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். நாளைக் காலையில் போய் அவரிடம் சொல்லப் போகிறேன். நீ ஒரு போன் பண்ணு. ராத்திரி எந்நேரமானாலும் முழித்திருப்பேன்.

ஆத்தா