எங்கள் வீட்டுப் பிடி விட்டுப்போகவில்லை

அன்பான சபையாருக்கும் எங்கள் தெருக்காரர்களுக்கும்,

ஆச்சியை அடக்கம் பண்ணி இன்றைக்கு எட்டாவது நாள். ஆஸ்பத்திரி நாட்களைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை, உங்களில் பாதிப் பேர் அந்த வராந்தாவில் எங்களோடுதான் உட்கார்ந்திருந்தீர்கள், மீதிப் பேர் போனில் விசாரித்துக்கொண்டே இருந்தீர்கள். நாளைக்குச் சென்னைக்கு ரயில் ஏறுகிறேன். அதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

ராத்திரி இரண்டரை மணிக்கு எழுந்துபோய் துக்க மணி அடித்த கோயில்குட்டியாருக்கு, ஆச்சியைக் குளிப்பாட்டி அந்த வெள்ளைச் சேலையைக் கட்டிவிட்ட சித்திமாருக்கு, விடிய விடிய பாமாலை பாடிய பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு, பந்தல் போட்டவர்களுக்கு, தேரி மணல் சரியச் சரியக் குழி வெட்டிய தம்பிமாருக்கு, உடன்குடிக் கருப்பட்டி போட்டு அண்டா அண்டாவாகச் சுக்குக் காப்பி கொண்டுவந்தவர்களுக்கு, மும்பையிலிருந்து நின்றுகொண்டே ரயிலில் வந்த சொந்தங்களுக்கு, அடக்க ஆராதனை நடத்திய போதகர் ஐயர்மாருக்கு எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள், தலை இன்னும் தெளியவில்லை.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது எதிர்வீட்டு அக்காவுக்காக.

ஆச்சியின் பிடி அரிசிப் பெட்டி உங்கள் எல்லோருக்கும் தெரியும். உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அள்ளி, கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்று, அந்த ஓலைப்பெட்டியில் போட்ட பிறகுதான் மற்ற வேலை. காய்ச்சலில் கிடந்தாலும் எங்களை எடுத்துவரச் சொல்லி அவள் கையால்தான் போடுவாள். மாதக் கடைசியில் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், எல்லார் வீட்டுப் பிடி அரிசியையும் வாங்கி, படியால் அளந்து, நோட்டில் எழுதி, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் சேர்ப்பாள். 2003-ல் நம் பக்கத்துச் சபைகள் தூத்துக்குடி–நாசரேத் என்று தனித் திருமண்டலமாகப் பிரிந்தும், நோட்டின் முதல் பக்கத்தில் கடைசிவரை திருநெல்வேலித் திருமண்டலம் என்றே எழுதிவந்தாள். மெஞ்ஞானபுரம் சபைக் கோயிலின் 192 அடிக் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள்ளேயே வாழ்ந்து முடித்தவள், அவளுக்கு அதெல்லாம் ஒரே ஊர்தான்.

நேற்று சாயங்காலம் அக்கா வந்தார். கையில் ஒரு சின்ன ஓலைப்பெட்டி, மேலே துண்டுத் துணி போட்டு மூடியிருந்தது. பலகாரம் கொண்டுவந்திருக்கிறார் என்றுதான் வாங்கினேன். திறந்தால் அரிசி. "ஒங்க வீட்டுல அடுப்பு எரியலல்லா தம்பி, பிடி விட்டுப்போயிரும்லா. அதான் நான் உலை வைக்கையில ஆச்சி பேருக்கு ஒரு பிடி எடுத்து வச்சேன். ரேஷன் அரிசிதான், ஆச்சி ஏச மாட்டா."

ஆச்சியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றிலிருந்து 19 நாள், ஒரு நாளும் விடாமல். அக்கா நம் சபை இல்லை. தசராவுக்குக் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு மாலை போடுகிற வீடு அது. பீடி சுற்றி வருகிற கூலியில் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன், மேலே ரேஷன் அரிசி, அடியில் கொஞ்சம் பொன்னி. ஆரம்பத்தில் வீட்டில் இருந்த நல்ல அரிசியைப் போட்டிருக்கிறார், அது தீர்ந்த பிறகு இது. அவர் வீட்டுப் பிள்ளைகளின் தட்டுக்குப் போக வேண்டிய அரிசி. எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, நன்றி என்றுகூடச் சொல்லவில்லை, பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா, அப்போது சொல்லாததை எல்லார் முன்னாலும் இங்கே சொல்கிறேன். ஆச்சிக்கு நாங்கள் பெரிய சவப்பெட்டி வாங்கினோம், பூ வாங்கினோம். அவள் தினமும் செய்த காரியத்தை நிறுத்தாமல் செய்தது நீங்கள் ஒருவர்தான். வீட்டுப் பிள்ளைகளான எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

ராத்திரி ஆச்சியின் நோட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் வீட்டுப் பேர், படி, உழக்கு என்று ஒரே மாதிரி வரிகள். 2023 டிசம்பர் பக்கத்தில் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அந்த 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டோம், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, ரோடு கிடையாது, கரண்ட் கிடையாது. முந்தின மாதம் சேர்ந்த பிடி அரிசி முழுவதும் அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஆச்சி யாரிடமும் கேட்கவில்லை, கஞ்சி காய்ச்சச் சொல்லிவிட்டாள். நோட்டில் "வெள்ளம், 14 படி" என்று ஒரே வரி. அந்த மூன்று நாளும் அக்காவும் பிள்ளைகளும் எங்கள் வீட்டு மச்சில்தான் இருந்தார்கள். அக்கா அதைப் பற்றி நேற்று ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் நோட்டைப் பார்த்த பிறகுதான் நினைத்துக்கொண்டேன்.

சங்கத்து அம்மாமாருக்கு ஒரு வார்த்தை. வீடு வீடாகப் போகிற வேலையைச் சித்தி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள், அவளுக்கு மூட்டுவலி, பையைத் தூக்க ஒரு பிள்ளையைக் கூட அனுப்புங்கள். ஓலைப்பெட்டியை நான் சென்னைக்குக் கொண்டுபோகிறேன். அங்கே குக்கரில்தான் சோறு. குக்கரில் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்துவைக்கிறேன், ஊருக்கு வரும்போதெல்லாம் கொண்டுவந்து அளந்து தருகிறேன்.

இந்த மாதக் கணக்கை நானே எழுதிவிட்டேன். அக்காவின் அரிசியைப் படியில் அளந்தால் சரியாக அரைப்படி வந்தது. எங்கள் வீட்டுப் பேருக்கு நேராக "அரைப்படி" என்று எழுதி, பக்கத்தில் "எதிர்வீடு" என்று போட்டிருக்கிறேன். சித்தி அளக்கும்போது அதை அடித்துவிட வேண்டாம்.