லூசிடானியா மெடல் வாங்குறவங்க தேதியப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பழைய ஐரோப்பிய நினைவு மெடல் சேக்குறவன் நான், ஆன்லைன்ல லூசிடானியா மெடல ‘ஜெர்மன் ஒரிஜினல்’னு சொல்லி காப்பிய தள்ளி விடுறதப் பாத்தா வயிறு எரியுது சார்.

1915 மே 7-ல ஜெர்மன் நீர்மூழ்கி லூசிடானியாங்குற பிரிட்டிஷ் பயணிகள் கப்பல மூழ்கடிச்சு கிட்டத்தட்ட 1,200 பேர் செத்தாங்க. மியூனிக்ல கார்ல் கோட்ஸ் அதுக்கு மெடல் செஞ்சார், ஒரு பக்கம் எலும்புக்கூடு கவுண்டர்ல உக்காந்து டிக்கெட் விக்குது, மறுபக்கம் பீரங்கி விமானம்லாம் ஏத்திக்கிட்டு கப்பல் முங்குது. ஆனா தேதிய மே 5-னு போட்டுட்டார், பிற்பாடு 7-னு திருத்தினார். பிரிட்டன்காரங்க விடுவாங்களா, ‘முன்னாடியே திட்டம் போட்டுட்டாங்க பாருங்க’ன்னு அந்தத் தப்பு தேதியோடயே லட்சக்கணக்குல காப்பி எடுத்து டப்பால வெச்சு ஒரு ஷில்லிங்குக்கு வித்தாங்க.

ஜெர்மன் மெடல்ல மாசம் எம்-ஏ-ஐ, பிரிட்டிஷ் காப்பில எம்-ஏ-ஒய். அந்தக் காப்பிக்கும் நூறு வருஷ சரித்திரம் இருக்கு, எனக்கு அதுவும் புடிக்கும், அத அதோட பேர்லயே வித்தா என்ன? காசு போடுறதுக்கு முன்னாடி கப்பலுக்குக் கீழ தேதி இருக்குற இடத்த க்ளோசப் போட்டோ கேளுங்க, தரமாட்டேன்னா வாங்கவே வாங்காதீங்க.

இப்படிக்கு,
மெடல் சேகரிக்கும் வாசகர், திருச்சி