இரண்டு விநாடிக்கு முன்னால் நடந்தது

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன், திட்டாதே. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று அறிந்து மகிழ்ந்தேன். அண்ணாச்சி இன்னும் அந்தச் சைக்கிளை விற்கவில்லை என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

கதிர் படிப்பதற்கு ஹியூஸ்டன் வருவதையும், வந்த கையோடு கார் வாங்கத் துடிப்பதையும் எழுதியிருந்தாய். விமானம் ஏறும் முன்பே அவன் ஒரு பழக்கத்தை விட்டுவிட வேண்டும். நம்மூரில் போலீஸ் கை காட்டினால் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, ஆர்.சி. புக்கோடு நாமே அவரிடம் போவோம்; உட்கார்ந்தபடியே இருந்தால் அதுதான் திமிர். இங்கே காவலர்தான் நம்மிடம் வருவார், நாம் இறங்கினால் அதையே தாக்குதலாக எடுத்துக்கொள்ளக்கூடும். இரண்டு கைகளும் ஸ்டியரிங் மேல் தெரிய வேண்டும். அவர் கேட்பதற்கு முன் டேஷ்போர்டுக்குள் கையை விடக் கூடாது. இரவானால் உள்விளக்கைப் போட்டுவிட வேண்டும்.

ஆனால் பணிவு மட்டுமே உயிரைக் காத்துவிடும் என்று அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2016 ஜூலையில் மினசோட்டாவின் ஃபால்கன் ஹைட்ஸில் பிலாண்டோ காஸ்டீல் என்பவரின் காரை நிறுத்தினார்கள். பள்ளி உணவுக்கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவராகவே மரியாதையாகக் காவலரிடம் சொன்னார். அதற்கு உரிமமும் வைத்திருந்தார். அடுத்த சில விநாடிகளில் ஏழு முறை சுட்டார் அந்தக் காவலர். பின்னிருக்கையில் நான்கு வயதுக் குழந்தை இருந்தது. மறு ஆண்டு ஜூரி காவலரைக் குற்றமற்றவர் என்று விடுவித்துவிட்டது.

நான் உனக்கு விரிவாக எழுத நினைத்தது, அதே ஆண்டு ஏப்ரலில் ஹியூஸ்டன் அருகே நெடுஞ்சாலையில் நடந்ததைப் பற்றி. ஆஷ்டியன் பார்ன்ஸ் என்ற 24 வயது இளைஞர் ஓட்டிவந்தது வாடகைக் கார். அதன் மேல் டோல் பாக்கி இருந்ததால் ராபர்ட்டோ ஃபெலிக்ஸ் என்ற காவலர் அதை நிறுத்தினார். லைசென்ஸ் கையில் இல்லை என்றார் பார்ன்ஸ். கஞ்சா வாடை வருகிறது என்று சொல்லிக் காவலர் டிக்கியைத் திறக்கச் சொன்னார், அதுவும் திறக்கப்பட்டது. இறங்கச் சொன்னபோது பார்ன்ஸ் கதவைத் திறந்தாரே தவிர இறங்கவில்லை, காரைக் கிளப்பினார். கார் நகரத் தொடங்கியதும் ஃபெலிக்ஸ் துப்பாக்கியோடு கதவடிப் படியில் தாவி ஏறினார். அவருடைய தலை கூரைக்கு மேலே இருந்தது. உள்ளே எதுவும் தெரியவில்லை. தெரியாமலேயே இரண்டு முறை சுட்டார். கார் நகரத் தொடங்கியதற்கும் நின்றதற்கும் இடையில் மொத்தம் ஏறத்தாழ ஐந்து விநாடி.

இறந்துபோன பார்ன்ஸின் தாய் காவலர் மேல் வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றங்கள், சுட்ட கணத்தில் காவலரின் உயிருக்கு ஆபத்து இருந்ததா என்பதை மட்டும் பார்த்தன. ஓடுகிற காரில் தொற்றிக்கொண்டிருந்த, முதல் குண்டுக்கு முந்தைய இரண்டு விநாடியில் ஆபத்து இருந்தது உண்மைதான். ஆகவே வழக்கு தோற்றது. அவர் ஏன் ஓடும் காரில் ஏறினார், டோல் பாக்கிக்கு அது தேவைதானா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமே இல்லை. டெக்சாஸுக்கான மேல்முறையீட்டு மன்றமான ஐந்தாம் வட்ட நீதிமன்றத்தில் அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹிக்கின்பாதமே, முன்தீர்ப்புகள் தன் கையைக் கட்டிவிட்டன, சுட்ட கணத்தை மட்டும் பார்க்கும் இந்த விதி தவறு என்று தனியாக ஒரு குறிப்பும் எழுதினார். சண்முகம், அந்தக் குறிப்பைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே தெம்பு வந்தது.

2025 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்த விதியைத் தள்ளியது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எலீனா கேகன். சுட்ட கணத்துக்கு முன்னால் நடந்தவற்றையும் சேர்த்து முழுச் சூழலையும் எடைபோட வேண்டும் என்றார். இது புதிய தத்துவம் அன்று. காவலர் பலத்தைப் பயன்படுத்துவது பற்றிய 1989-ஆம் ஆண்டு கிரகாம் வழக்கிலேயே அதே நீதிமன்றம் சொன்னதுதான். கார் நிறுத்தங்களில் காவலருக்கு உள்ள ஆபத்தை நீதிபதி கவனா தனியாக எழுதியிருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. சாலையோரத்தில் யார் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் ஒவ்வொரு காராக நெருங்குவது கடினமான வேலைதான்.

ஆனால் தாய்க்குக் கிடைத்தது நீதி அன்று, மறு விசாரணைதான். ஆபத்தைத் தானே வரவழைத்துக்கொண்ட காவலர் அதையே காரணம் காட்டலாமா என்ற கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்லவில்லை. அதைத் தாண்டினாலும் இன்னொரு தடை இருக்கிறது: ஏறத்தாழ இதே போன்ற செயல் சட்டவிரோதம் என்று முன்பே தெளிவாகத் தீர்ப்பாகியிருக்காவிட்டால், காவலர் இழப்பீட்டு வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். அரசின் முன் அனுமதி வராமல் வழக்கு நகராது என்று நீ புலம்புவாயே, அதற்கு அண்ணன் இது.

தண்டனை கிடைத்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2015-இல் தென் கரோலைனாவின் வட சார்ல்ஸ்டனில் பிரேக் விளக்கு எரியாததற்காக நிறுத்தப்பட்ட வால்டர் ஸ்காட், ஓடும்போது முதுகில் சுடப்பட்டார். சுட்டவருக்கு 20 ஆண்டுச் சிறை கிடைத்தது. வழியே போன ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்திராவிட்டால், தன் டேசரை, அதாவது மின்னதிர்ச்சி தரும் கருவியை, ஸ்காட் பறித்தார் என்று காவலர் சொன்னதே நிலைத்திருக்கும்.

டோல் பாக்கிக்கு வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பினால் போதும் என்பதே என் எண்ணம். ஃபிலடெல்ஃபியா நகரம் 2021-இல் ஒரு சட்டம் இயற்றி, ஒரு விளக்கு எரியாதது போன்ற எட்டுச் சில்லறை மீறல்களுக்காக மட்டும் காரை நிறுத்தக் கூடாது என்றது. 2022 மார்ச் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இங்கும் அப்படி ஒன்று வர வேண்டும் என்று நண்பர்கள் சிலர் சேர்ந்து மனு தயாரிக்கிறோம். கேகனின் தீர்ப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். அவர் விடை சொல்லாமல் விட்ட கேள்விக்கு நம் நீதிமன்றங்களில் ஏதாவது முன்தீர்ப்பு இருந்தால் கதிரிடம் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
ராஜு